இடது பக்கம் கொஞ்சம் கம்மி

முதலில் தூக்கிப் பார்ப்பார். விலை கேட்பது, ஸ்விட்ச் போடுவது எல்லாம் அப்புறம். ஆம்ப்ளிஃபையருக்கு அடியில் இரண்டு கைகளையும் விட்டு, பிறந்த குழந்தையை எடை பார்க்கும் நர்ஸைப் போல ஓர் அங்குலம் உயர்த்தி, கண்ணை மூடி, மெல்ல இறக்குவார். "கனமா இருக்கு. உள்ள சரக்கு இருக்கு." பிறகு மேல்மூடியின் துளைகளில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பார். கருகிய வாடை வந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். வெறும் தூசி வாடை என்றால் முகம் மலர்ந்துவிடும்.

தொழில் லிப்ட் மெக்கானிக். ஏழாவது மாடியில் கதவு மூடும் சத்தத்தைத் தரைத்தளத்தில் நின்று கேட்டு, எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதனால் கம்பெனியில் அவருக்குப் பெயரே 'காது'. பழைய ஆடியோ செட் வாங்க நினைக்கிற யாரும் அவரைக் கூட்டிக்கொண்டு போகாமல் வாங்குவதில்லை. "காது சரின்னு சொல்லிடுச்சா? அப்ப எடுத்துரு." அத்துடன் பேச்சு முடிந்தது.

அவருடைய சட்டைப்பையில் ஒரு சிறு டார்ச், ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கைக்குட்டையில் சுற்றிய ஒரு சிடி. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டு அது. "இந்தம்மா ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல நிக்கணும். இழுக்கிற மூச்சு அங்கேயிருந்துதான் வரணும். நகர்ந்தாங்கன்னா செட்டுல கோளாறு."

மலிவாக வாங்குவதில் அவருக்கென்று ஒரு சாத்திரமே உண்டு. விளம்பரத்தில் ஸ்பீக்கரைப் பார்க்க மாட்டார், படத்தில் அதன் பின்னால் இருப்பதைப் பார்ப்பார். ஸ்பீக்கர் மேல் பால் புட்டி நின்றால் அன்றைக்கே ஓடுவார். குழந்தை பிறந்த வீட்டில் பேரம் பேசக்கூட யாருக்கும் நேரமில்லை. மூட்டை கட்டிய அட்டைப்பெட்டிகள் தெரிந்தால் இரண்டு நாள் பொறுப்பார். வீடு காலி செய்கிற நாள் நெருங்க நெருங்க விலை தானே இறங்கும். மூலை உடைந்தது, நிறம் போனது, பூனை பிறாண்டியது என்றால் அவருக்குக் கொண்டாட்டம். "கீறலா பாடப் போகுது?"

வீட்டில் சட்டம் வேறு. மனைவி அறிவியல் ஆசிரியை. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். "நீங்க உள்ள வரும்போது கையில பெட்டி இருந்தா, போகப் போறது எதுன்னு வாசல்லயே சொல்லிடுங்க. நானா இருந்தா நான் பையை எடுத்துக்கறேன்." அவர் மனைவியை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பயமா பாசமா என்று கேட்டால், "ரெண்டும் ஒரே ஒயர்லதான் வருது" என்பார்.

போன வருடத்திலிருந்து அவருக்கு ஒரு புதுக் குறை. பார்த்த செட்டெல்லாம் இடது பக்கம் சுகமில்லாமல் இருந்தது. நான்கு செட் பார்த்தார், நான்கிலும் பாட்டுக்காரம்மா வலது பக்கம் தள்ளி நின்றுகொண்டாள். "பழைய மெஷினுக்கு இடதுதான் மொதல்ல போகுது" என்று ஒரு கோட்பாடு கண்டுபிடித்தார். காதே சொன்ன பிறகு யார் மறுப்பது? கம்பெனியில் மற்றவர்களும் தங்கள் வீட்டுச் செட்டை உற்றுக் கேட்டார்கள். எல்லாருக்கும் இடது பக்கம் கொஞ்சம் கம்மியாகத்தான் கேட்டது.

கம்பெனிச் சீருடை தைக்கும் தையற்காரம்மாவின் வீட்டுக்கு அவர் போனது அந்தச் சமயத்தில்தான். அந்த அம்மாளின் அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். இறந்து ஐந்து மாதமாகிறது. அவருடைய ஆடியோ செட் விலைக்கு வந்திருந்தது, அதன் மீது ஒரு பூப்போட்ட துணி. தூக்கினார், மோந்தார், அசந்துபோனார். சிடி தட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சிடி, கடைசியாகக் கேட்டது அப்படியே. அதை இரண்டு விரலால் எடுத்து, துடைத்து, அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டுத் தன் சிடியைப் போட்டார்.

பாட்டுக்காரம்மா வலது பக்கம் நகர்ந்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் கம்மிம்மா."

"அப்படியா? அண்ணன் வாராவாரம் ஞாயித்துக்கெழம முழுக்கக் கேப்பாரே. அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

"தெரிஞ்சிருக்காது. மெதுவா வர்ற நோய். கேட்டுக் கேட்டுப் பழகிடும்."

அந்த அம்மாள் பூப்போட்ட துணியை நான்காக மடித்தாள். "இதுபோல ஒண்ணு ஊர்லயே இல்லன்னு பெருமையடிச்சுக்குவார். பாவம், கோளாறான ஒண்ணைத்தான் கேட்டுட்டு இருந்தாரா" என்றாள். விலையையும் அவளே பாதியாக்கினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் மல்லுக்கட்டினார். குமிழ்களைக் கழற்றி பிரஷ்ஷால் துடைத்தார். ஒயரை மாற்றினார். இடது ஸ்பீக்கரைத் தூக்கி வலப்பக்கத்திலும் வலதை இடப்பக்கத்திலும் வைத்தார். நோய் அந்தப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிராமல் கேட்டாள்: "எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சா?"

"ஒண்ணு விடாம."

"மாத்தாதது ஒண்ணு இருக்கு. நாற்காலியைத் திருப்பிப் போட்டு உக்காருங்க."

"முதுகைக் காட்டிக்கிட்டா பாட்டுக் கேப்பாங்க?"

"உக்காருங்கன்னா உக்காருங்க."

உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. மூன்று நாளாகச் சோனியாக இருந்த பக்கத்து ஸ்பீக்கர் முழுத் தெம்போடு பாடியது. நன்றாக இருந்த ஸ்பீக்கருக்குத் தொண்டை கட்டியிருந்தது. நோய் பெட்டியில் இருந்திருந்தால் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். அது அவரோடு சேர்ந்து திரும்பி உட்கார்ந்திருந்தது.

டீச்சர் எழுந்து வந்து அவருடைய இடது காதருகே ஏதோ சொன்னாள். அவர், "என்ன?" என்றார். அவள் வலது பக்கம் வந்து, "டாக்டர்கிட்ட போகலாம்னு சொன்னேன்" என்றாள். குரலில் கிண்டல் இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

டாக்டர் கேட்க முடிந்தவற்றைக் கேட்டு, வரைய முடிந்தவற்றை வரைந்து, இடது காது பாதிக்கு மேல் போய்விட்டது என்றார். காது போனதை விட, தையற்காரம்மா பாதியாக்கிய விலை அவரை உறுத்தியது.

"மீதிப் பணத்தைக் குடுத்துட்டு, வெலயைத் தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன் டீச்சர். காது கதையெல்லாம் எதுக்கு?"

"கதையைச் சொல்லலேன்னா அந்தம்மாவோட அண்ணன் கோளாறான செட்டைத்தானே கேட்டுட்டுப் போனதா ஆகும்?"

தையற்காரம்மாவிடம் சொல்வது எதுவும் அங்கே தங்காது. காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் லிப்ட் ஏறி எல்லா மாடிக்கும் போய்விடும். அப்புறம் யார் அவரைச் செட் பார்க்கக் கூப்பிடுவார்கள்? 'காது' என்று கூப்பிட்டால் அது பட்டமா, கேலியா?

சனிக்கிழமை தையற்காரம்மாவின் கடைக்குப் போனார். அங்கே கம்பெனிக் கூட்டாளிகள் இருவர் தைத்த பேண்ட் வாங்கக் காத்திருந்தார்கள். "வாங்கண்ணே! எங்க வீட்டுச் செட்டும் இடது கம்மிதாண்ணே" என்றான் ஒருவன்.

"உன் வீட்டுச் செட்டு நல்லாத்தான் இருக்குடா. நான் பார்த்த எல்லாமே நல்லாத்தான் இருக்கு." தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து, மீதிப் பணம் இருந்த உறையை எடுத்து மெஷின் பலகையில் வைத்தார். "அம்மா, கோளாறு உங்க செட்டுல இல்ல. என் இடது காதுல. டாக்டர் சொல்லிட்டாரு."

மெஷின் நின்றது. கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையற்காரம்மா உறையைத் தொடவில்லை.

"அப்ப அண்ணன் கேட்டது?"

"அண்ணன் கேட்டது ரெண்டு பக்கமும் முழுசா. ஒரு குண்டூசி அளவுகூடக் குறையில்ல. அவர் பெருமையடிச்சதும் சரிதாம்மா."

அவள் பல்லிடுக்கில் வைத்திருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினாள். ஞாயிறு, அண்ணன், நாற்காலி என்று சில சொற்கள் மட்டும் அவருக்கு எட்டின. போன வாரம் வரை இப்படிப்பட்ட நேரங்களில் அவர் தலையாட்டிச் சமாளித்திருக்கிறார்.

எழுந்தார். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, கூட்டாளிகள் இருவரையும் தாண்டி, மெஷினைச் சுற்றி வந்து, அவளுக்கு மறுபக்கத்தில் போட்டு உட்கார்ந்து, வலது காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"இந்தப் பக்கம் பார்த்து, மொதல்லேர்ந்து சொல்லுங்கம்மா."