புது கார்டும் என் கை வேகமும்

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஓசூரில் பிளாஸ்டிக் பாகங்களுக்கு அச்சு தயாரிக்கும் ஒரு கம்பெனியில், டிசைன் பிரிவில் வேலை பார்த்தேன். டிசைன் பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர். இந்தப் பக்கம் நானும், திருநெல்வேலியிலிருந்து வந்து ஓசூரில் குடியேறிய ஒரு சீனியரும். அவரை அண்ணா என்பேன். அவர் என்னை ஏம்மா என்பார்.

அந்த வருடம் எங்களுக்குப் புது கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. கம்ப்யூட்டர் வந்ததாக யாரும் சொல்லவில்லை. "கார்டு வந்திருக்கு" என்றார்கள். திரையில் அச்சின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே, அதை வரைந்து காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு. அது வந்த அட்டைப்பெட்டியில் வாளேந்திய ஒரு பெண் நின்றாள். இரும்புக் கவசம் அணிந்திருந்தாள். கவசம் தேவைப்படும் இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் எல்லாம் அணிந்திருந்தாள். மேனேஜர் அந்தப் பெட்டியைத் தன் பீரோவின் மேல், வருகிறவர்கள் பார்வையில் படும்படி நிறுத்தி வைத்தார். கஸ்டமர் யார் வந்தாலும் முதலில் அவளைத்தான் அறிமுகப்படுத்துவார்.

புது மெஷின் எனக்குக் கிடைத்தது. "பொம்பளப் புள்ள, தூசி படாம வச்சுக்கும்" என்பதுதான் காரணம். அண்ணாவுக்குப் பழைய மெஷினே தொடர்ந்தது. அதன் கார்டு சூடேறினால் மாவரைப்பதுபோலச் சத்தம் போடும். அவர் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு, மேசை விசிறி ஒன்றை அதன் வயிற்றுப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

எனக்கு முதலில் வந்த வேலை ஸ்கூட்டர் ஹெட்லைட் மூடி ஒன்றின் அச்சு. மவுஸை நகர்த்துவேன். படம் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆட்டைக் கயிறு கட்டி இழுப்பதுபோல, விட்டு விட்டு நகரும். புது மெஷின் இப்படித்தான் இருக்கும்போல என்று ஒரு மாதம் ஓட்டினேன்.

"என்னம்மா, அவ்ளோ பெரிய கார்டு குடுத்திருக்குது, இன்னும் முடிக்கலையா?" என்று மேனேஜர் அண்ணா முன்னாலேயே கேட்டார். "அவரைப் பாரு, ஓட்ட மெஷின்ல முடிச்சிட்டு உக்காந்திருக்காரு. கை வேகம் வேணும்மா."

நான் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அன்று வழியில் குருபரப்பள்ளி தாண்டும்வரை, மவுஸ் பிடிப்பதுபோல மடியில் கையை வைத்து நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனேன்.

மறுநாள் நானே போய்க் கேட்டேன். "சார், ஒரே படத்த ரெண்டு மெஷின்லயும் ஓட்டிப் பாத்துரலாங்க சார்."

அவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அண்ணாவின் மெஷினில் ஹெட்லைட் மூடி உறுமிக்கொண்டே ஒரு சுற்று சுற்றி வந்தது. என்னுடையதில் பாதி தூரம் வந்து நின்று, மீதி சுற்றுக்கு மூச்சு வாங்கியது.

"நீ மவுஸ் புடிக்கிற விதம் சரியில்ல" என்றார் மேனேஜர்.

அண்ணாவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் மவுஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "சார், நான் புடிச்சாலும் நவுர மாட்டேங்கு."

"புதுசு இல்லையா, செட்டில் ஆவணும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

ஆனாலும் மெஷினை விற்ற ஆளைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். அவர் இரண்டு டீ குடித்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் சொன்னார்: "சார், இது ஹை எண்ட் கார்டு. உங்க ட்ராயிங் ரொம்ப சிம்பிளு. அதுக்கு வேலை பத்தல, அதான் சோம்பேறியா இருக்குது. கஷ்டமான வேலையா குடுங்க, அப்புறம் பாருங்க."

"பாத்தியா?" என்று மேனேஜர் என் பக்கம் திரும்பினார். அன்று முதல் கம்பெனியிலேயே சிக்கலான படங்கள் எல்லாம் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. கார்டின் சோம்பலைப் போக்கத்தான். அது இன்னும் மெதுவானது. நானும்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டு மெஷின்களைத் துடைத்தோம். என் மெஷினின் பின்பக்கம் துணி விட்டுத் துடைத்தபோது, கார்டின் இரண்டு துளைகளிலும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் மூடி மாட்டியிருப்பதைப் பார்த்தேன். கடையிலிருந்து வந்தபோது இருந்த மூடி. எடுக்கவே இல்லை.

"அண்ணா, இங்க வாங்க. மானிட்டர் ஒயரு எதுலண்ணா மாட்டியிருந்துச்சு?"

அவர் குனிந்து பார்த்தார். மானிட்டர் ஒயரின் முனை நீல நிறம். கார்டில் நீலத் துளை இல்லை, அகலமான வெள்ளைத் துளைகள்தான். ஆனால் மெஷினிலேயே, கார்டு இல்லாதவர்களுக்காக, ஒரு சாதாரண நீலத் துளை உண்டு. விற்றவர் நீலத்தை நீலத்தில் சொருகிவிட்டு, கைகுலுக்கிப் போயிருக்கிறார்.

"அப்போ இம்புட்டு நாளும் கார்டு உள்ள சும்மா குந்திட்டு இருந்திருக்கு" என்றார் அண்ணா. பிறகு தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலி மேல் ஏறி, பீரோவிலிருந்து பெட்டியை எடுத்தார். கவசக்காரிக்குள்ளே, பிரிக்காத கவரில், நீலத்தை வெள்ளையில் மாட்டுவதற்கான சின்ன இணைப்பு பத்திரமாக இருந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அண்ணாவுக்கும்தான் சார்."

"அதோட இருக்கட்டும்."

மாட்டினோம். ஹெட்லைட் மூடி பம்பரம்போலச் சுற்றியது. நான் மவுஸை விட்ட பிறகும் நிற்க மனமில்லாததுபோல இருந்தது. அண்ணாவின் மெஷின் ஒரு படத்தைத் திருப்பி முடிப்பதற்குள் என்னுடையது நாலைந்தை முடித்துவிட்டது. பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றுதான் நாங்கள் உண்மையாகப் பார்த்தோம்.

மறுநாள் பூஜைக்கு ஜெனரல் மேனேஜர் வந்தார். சந்தனப் பொட்டு வைத்த மெஷினில் படம் சுற்றுவதைப் பார்த்து, "அடேங்கப்பா, என்ன பண்ணீங்க?" என்றார்.

"கொஞ்சம் ட்யூன் பண்ணோம் சார்" என்றார் எங்கள் மேனேஜர், பொரியை மென்றுகொண்டே.

சம்பள உயர்வு நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார். "பூஜைக்கு அப்புறம் உன்கிட்ட நல்ல இம்ப்ரூவ்மெண்ட்டும்மா. கை வேகம் கூடியிருக்குது. இப்படியே இரு."

"தேங்க்ஸ் சார்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்காகப் பல நாள் என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

இப்படியே இரு என்பதற்கு என்ன பொருள் என்பது போகப் போகத்தான் விளங்கியது. முன்பு ஒரு வாரத்துக்கு ஒரு அச்சு தந்தவர்கள், இப்போது இரண்டு தந்தார்கள். பிறகு அண்ணாவின் வேலையிலும் பாதி என் பக்கம் வந்தது. படம் நொடியில் திரும்பிவிடுவதால், அது திரும்பும்வரை சன்னலைப் பார்க்கும் வாய்ப்பும் போயிற்று.

அடுத்த வருடம் இன்னொரு கார்டுக்கு அனுமதி கிடைத்தது. மேனேஜர் அண்ணாவைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான்" என்றார்.

"வேண்டாம் சார், எனக்கு இதுவே போதும். கண்ணுக்குப் பழகிட்டு" என்றார் அண்ணா, ரொம்பப் பணிவாக.

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஏண்ணா வேண்டாம்னீங்க? உங்களுது எப்ப வேணா புகையப் போவுது."

அவர் விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு கேன்டீனுக்குக் கிளம்பினார். அவர் மெஷினில் படம் பாதியில் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

"நீ நிம்மதியா ஒரு டீ குடிச்சு எம்புட்டு நாளாச்சு? சொல்லு பாப்போம்."

எண்ண ஆரம்பித்து, போன ஆயுத பூஜை வரை பின்னால் போய்விட்டேன். அந்த இரண்டாவது கார்டு கடைசியில் மேனேஜரின் மெஷினுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் அதில் மெயில் பார்த்தார்.