விலாவைப் பிடித்த கட்டி

1. செந்தூல் ரயில் பட்டறையில் கொதிகலன் வேலை பார்த்த ஒருவருக்கு வலது மார்பில் கட்டி வந்தது.
2. ஜப்பான் சண்டைக்கு முன்பு ஒரு டாக்டர் அதை வெட்டி எடுத்தார். ஓரத்தில் தங்கிய மிச்சம் மறுபடி வளர்ந்து விலா எலும்பைப் பிடித்தது.
3. ஜப்பான்காரர் காலத்தில், மூச்சு இழுத்தாலே வலிக்கிற நிலையில், கிள்ளானில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார்.
4. ஆபரேஷன் அன்று காலை வாழைப்பழம் தின்றுவிட்டார்.

நான்காவதை விளக்க வேண்டும். வெறும் வயிற்றில் இருக்கச் சொல்லியிருந்தோம். கேட்டதற்கு, "விரதம்தான் சிஸ்டர்" என்றார். அவர் மனைவி சேர்த்துச் சொன்னார்:

"ரெண்டு பழம், கொஞ்சம் தேங்காப்பாலு. சோத்த கண்ணுலயே காட்டல."

"பழமும் கூடாதுக்கா" என்றேன்.

"கார்த்திகை விரதத்துக்கே பழம் உண்டு. இதுக்கு ஆவாதா?"

எங்கள் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "முருகன் விட்டுருவாருமா, மயக்கம் குடுக்கிற ஈதர் விடாது. மயக்கத்துல வாந்தி வந்தா நுரையீரலுக்குள்ள போயிரும். நாளைக்குச் செய்யலாம்."

"நாளைக்கும் பட்டினியா?" என்றார் நோயாளி. "பரவால்ல லா. அரிசிக்குப் பதிலா தினம் திங்கிற மரவள்ளிக்குப் பட்டினியே தேவலாம்."

மறுநாள் மார்பைத் திறந்தோம். கட்டி வெளிறி, நார்நாராக இருந்தது; கத்தி பட்டபோது கரகரத்தது. எங்கே முடிகிறது, எங்கே தசை தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த முறையும் மிச்சம் வைத்தால் அடுத்த முறை வெட்ட இடமிருக்காது. அகலமாக வெட்டினால் நுரையீரலைச் சுற்றிய சவ்வு கிழியும்; காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். டாக்டர் அகலமாகவே வெட்டினார். இரண்டு விலா எலும்புகளிலிருந்து ஒவ்வொரு துண்டும் கட்டியோடு வந்தது.

சவ்வு கிழிந்தது. காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது. ஈரத் துணியை வைத்து நான் அழுத்திக்கொண்டேன். டாக்டர் பக்கத்துத் தசையைத் திருப்பி ஓட்டையின் மேல் போட்டு, கொதிக்கவைத்த பருத்தி நூலால் தைத்தார். உள்ளே போன காற்றை ஊசியால் உறிஞ்சி எடுத்தார். நீலம் பாரித்திருந்த அவர் உதடு மெதுவாகப் பழைய நிறத்துக்கு வந்தது.

வெளியே மனைவி கேட்டார். "பூரா எடுத்தாச்சா டாக்டர்?"

"கண்ணுக்குத் தெரிஞ்சது பூரா எடுத்தாச்சு. தெரியாதத நான் சொல்ல முடியாது."

சண்டை முடிந்துவிட்டது. அவர் இப்போதும் பரிசோதனைக்கு வருகிறார். வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். தழும்பைச் சுற்றி அழுத்திப் பார்க்கிறேன். இதுவரை கட்டி எதுவும் தட்டுப்படவில்லை.