ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போனவன்

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று இருக்கிறது என்பதைப் போனில்தான் தேடிக் கண்டுபிடித்தேன். பாலத்தைத் தாண்டினால் ஈரோட்டிலேயே ஒன்று இருந்தது. ஆனால் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவனுக்கு ஈரோட்டில் தெருவுக்கு நாலு சொந்தக்காரர்கள். யார் கண்ணிலாவது பட்டால் மானம் போய்விடும் என்று, ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து சேலத்துக்குப் போனேன். சாக்கடை ஓரத்தில் விழுந்து கிடந்தபோதெல்லாம் போகாத மானம் அது.

ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூடுவார்கள். முதல் இரண்டு வாரமும் எதிர் டீக்கடையில் நின்று கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்றாவது வாரம் நரைத்த தலையும் கழுத்தில் சிலுவை டாலருமாக ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள வாங்க. அங்கயும் டீ இருக்கு."

"எப்படிங்க தெரியும்?"

"போன வாரமும் இங்கதான நின்னீங்க. நான் ஒரு மாசம் நின்னேன்" என்றார்.

உள்ளே பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். எந்த ஊர், யார் வீட்டுப் பையன், என்ன குலம் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் இந்த மூன்றையும் கேட்காமல் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் மற்றவர்கள் கதையை எழுதமாட்டேன். என் கதை சின்னது. நாற்பத்து மூன்று வயது, கல்யாணமாகவில்லை. பெண் கிடைக்கவில்லை என்பது ஊரில் பாதிப் பேருக்கு உள்ள காரணம். குடி எனக்கென்று தனியாக உள்ள காரணம். அப்பா அம்மா இல்லை. பக்கத்து வீட்டில் அண்ணனும் அண்ணியும். சாயங்காலம் தறி நின்றதும் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. அதற்காகத்தான் குடித்தேன் என்று அந்த ஹாலில் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆனது.

ஐந்து மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்குள் சேலத்துக்குத் துணி எடுக்கப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர், நான் சர்ச் கேட்டிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வெளியே வருவதைப் பார்த்துவிட்டார். அடுத்த நாளே அண்ணன் வந்துவிட்டார்.

"ஏன்டா, மதம் மாறி வேதத்துல சேர்ந்துட்டயாமா?"

"இல்லீங்ணா. நான் குடிகாரனுங்ணா. அத உடறதுக்குத்தான் அங்க போறேன்."

அந்த ஹாலில் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைதான். சொந்த வீட்டு வாசலில் சொல்வது அதுதான் முதல் தடவை.

"நீ குடிகாரன்னு ஊருக்கே தெரியும். அதுக்கு எதுக்குடா சர்ச்சு? இனிக் குடிக்க மாட்டன்னு நம்ம கோயல்ல கயிறு கட்டிக்க."

"மூணு தடவ கட்டியாச்சுங்ணா."

"நாலாந்தடவ கட்டு. வர்ற ஞாயித்துக்கெழம கோயல்ல கெடா வெட்டு. பங்காளிக எல்லாம் கேக்கறாங்க. ஒண்ணு கோயலுக்கு வா, இல்லீன்னா அங்கயே போய் இருந்துக்க."

கெடா வெட்டு என்றால் கோயிலுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் பாட்டில் திறப்பார்கள். பதினோரு வருடம் முதல் டம்ளர் என்னுடையது. போனால் குடித்துவிடுவேன், அது எனக்கு நிச்சயம். போகாவிட்டால் அண்ணன் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். அண்ணன் வீட்டை விட்டால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லை. ஆறு நாளும் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சேலம் பஸ்ஸில் ஏறினேன்.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்து உலை வைத்தேன், மசாலா அரைத்தேன். வெட்டிய கெடாவைப் பங்காளி வீட்டுக்கு ஒரு பங்காகக் கூறு போடுவது எங்கள் வழக்கம். கோயிலுக்கு வராதவன் பங்கை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்கள். நான் தோப்பிலேயே உருண்டு கிடந்த வருடங்களிலும் என் பங்கு தாழ்ப்பாளில் தொங்கும். ஒரு வருடம் அதை நாய் இழுத்துப் போய்விட்டது. அண்ணி திட்டிக்கொண்டே தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசனை வந்தது. பாத்திரத்தைக் கழுவி வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். சிறிது நேரத்தில் அண்ணன் வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். குடித்தவனுக்குத் தவறாமல் வந்த பங்கு குடிக்காதவனுக்கு வரவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

அரைத்த மசாலாவைக் கொட்ட மனம் வரவில்லை. இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். உப்பு கொஞ்சம் அதிகம். கெடா வெட்டு நாளில் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு வருடம்தான்.