கழட்ட முடியாத பெட்டி

என் பஞ்சர் கடைக்கு எதிரே கழட்டு அக்காவின் வெல்டிங் பட்டறை. எந்த வண்டி வந்தாலும் ஆள் முகத்தைக்கூடப் பார்க்காமல் "மொதல்ல கழட்டு" என்பார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பேட்டரியில் மைனஸ் முதலில், பிளஸ் அடுத்து, பிறகு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி. வெல்டிங் கரண்ட் வழி தவறி அதற்குள் புகுந்தால் பெட்டி பொசுங்கும். அப்புறம் வண்டி வெறும் இரும்பு. அவசரப்படுத்துகிறவனிடம், "வண்டிய விட்டுட்டு நீ நடையக் கட்டு" என்பார். வாய் அப்படி.

அந்த வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் அவர் வீட்டுக்காரர். எனக்கு மாமா முறை. நானாக வைத்துக்கொண்ட முறைதான். அக்கா ஒட்டுவார், மாமா பக்கத்தில் நின்று நொட்டை சொல்வார்.

"கோணலா இருக்குடீ."

"உங்க மூஞ்சிதான் கோணல்."

இப்படியே குடும்பம் நடத்தி, ஒரு பெண்ணையும் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

போன மாதம் மாமா சாப்பிட்ட தட்டோடு சாய்ந்தார். நெஞ்சுக்குள் பேஸ்மேக்கர் வைத்து அனுப்பினார்கள். வெல்டிங் பக்கமே தலைகாட்டக் கூடாது, அந்தக் கரண்ட் கருவியைக் குழப்பிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அக்கா பட்டறை வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது என் கடை. ஆகவே அந்த மனிதர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துவிட்டு, என் பஞ்சர் ஒட்டுக்கு நொட்டை சொல்ல ஆரம்பித்தார். நான் என்ன பாவம் செய்தேனோ.

நேற்று ஒரு ஏ.டி.வி. வந்தது, மண்மேட்டில் ஏறி விளையாடுகிற நாலு சக்கர பைக். ஃபிரேமில் விரிசல். அக்கா பேட்டரியைக் கழட்டினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கை போகும் நேரம் மாமா ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"உக்காருங்க!" அங்கிருந்தே ஒரு அதட்டல். உட்கார்ந்தார். அக்கா வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை விரிசலுக்குப் பக்கத்தில் மாட்டி, முகமூடியை இறக்கினார்.

"பெட்டியக் கழட்டலடீ!" என்று மாமா கத்தினார். என் கம்ப்ரசர் போட்ட சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அடுத்த நொடி மாமா கோட்டைத் தாண்டி ஓடிப்போய் அக்காவின் தோளைப் பிடித்துவிட்டார்.

நல்லவேளை, பொறி பறக்கவில்லை. அக்கா வெல்டிங் குச்சி மாட்டிய ஹோல்டரைப் போட்டுவிட்டு ஓடி மெஷினை அணைத்தார். இனி கிழி கிழியென்று கிழிப்பார் என்று காத்திருந்தேன். கிழிக்கவில்லை.

"உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேனா, விட்டுப்போச்சு. ஊர்ல இருக்கிற வண்டியில எல்லாம் கழட்டி வெச்சிடறேன். உங்க நெஞ்சுல இருக்கறத நான் எப்படிங்க கழட்டி வெப்பேன்?"

அழுதார். அந்த அக்கா அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பிடிக்கவும் இல்லை.

மாமா ஏ.டி.வி. பக்கம் கையைக் காட்டினார். "மொதல்ல கழட்டு," என்றார் மெதுவாக.

அக்கா பெட்டியைக் கழட்டித் துணியில் சுற்றினார். மாமாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து என் ஸ்டூலில் உட்காரவைத்து, பெட்டியை மடியில் வைத்தார்.

"தம்பி, ரெண்டும் உன் பொறுப்பு. எதுக்காவது ஏதாவது ஆச்சு, உன் கடையக் கொளுத்திடுவேன்."

எதிரே நீல வெளிச்சம் எழுந்தது. மாமா பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"கோணலா ஒட்டறா, மாப்ளே."

மாமா கத்தினால் அக்காவுக்குக் கேட்க வேண்டுமே. நான் எழுந்து கம்ப்ரசரை நிறுத்தினேன்.