ரோஸ் சிரப் போத்தலில் இருந்தது

அக்காவின் கருமாதிக்கு முந்தின நாள் பட்டறையில் அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு கிளம்பினேன். கையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. ஜெலுத்தோங்கிலிருந்து டவுனுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது சிவப்பு விளக்கில்கூட என்னால் சும்மா நிற்க முடியவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் காடிக்காரர் கார்க் கண்ணாடியை இறக்கி முறைத்தார். அக்கா செத்ததிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

காய்ச்சல் என்று படுத்தவள் அந்த வாரமே போய்விட்டாள். அம்மா நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அப்பா, அக்கா, நான். அக்காவுக்குப் பத்து காவான் ஊரில் ஃபேக்டரி வேலை. நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மோட்டார் பட்டறைக்குப் போனவன்.

படையல் சமைக்க வந்திருந்த அத்தை இரண்டு நாளாக என்னை விடவில்லை.

"அவளுக்கு என்னடா புடிக்கும்? யோசிச்சுச் சொல்லு. ஒண்ணு விட்டுப்போனாலும் அவ மனசு ஆறாது."

நாசி லெமாக் சொன்னேன். பொரித்த கோழி, கருவாட்டுச் சம்பல், கடைத்தெரு ரோஜாக் எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா ராக்காவல் ஜாகா வேலைக்குப் போன பிறகு அக்கா ஃபிரிஜ்ஜைத் திறந்து ரோஸ் சிரப் போத்தலை எடுப்பாள். உள்ளே இருப்பது வைன். சிவப்பாகத்தான் இருக்கும், யார் பார்த்தாலும் சிரப் என்றுதான் நினைப்பார்கள். சில்வர் டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, அதன்மேல் ஊற்றி, காலை நீட்டி டிவி முன்னால் உட்கார்ந்துகொள்வாள். எனக்குப் போத்தல் மூடியில் ஒரு வாய்.

"சின்னப் பையனுக்கு இவ்ளோதான் லா," என்பாள். இருபது வயது தாண்டியும் நான் சின்னப் பையன்.

பெரியப்பா செத்தபோது அவர் படையலில் கறுப்பு பீர் டின்னும் சிகரெட்டும் வைத்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "திறந்து வை, அவருக்குத் திறக்கத் தெரியாது இப்ப," என்று யாரோ சொல்ல, அக்காதான் டின்னைத் திறந்து வைத்தாள். ஆனால் ஒரு பெண்பிள்ளையின் படையலில் வைன் வைத்தால் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அப்பா ஒரு சொட்டு தொடாதவர். அவருக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். வைக்காமல் விடவும் எனக்கு மனசு வரவில்லை. மற்ற எல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதிலும் ஒரு தொல்லை. அது என்ன வைன் என்று எனக்குத் தெரியாது. அக்கா வாங்கிய போத்தலை நான் பார்த்ததே இல்லை. அவள் அலமாரியில் ஒரு துணிப்பை கிடைத்தது. அதில் கடை விலாசம் இருந்தது.

டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் பின்பக்கம். ஒரு பெண் தனியாகப் பழவைன் போட்டு விற்கிறார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, காலில் ரப்பர் பூட்ஸ். சுவரோரம் நீலப் பீப்பாய்கள். ஒரு மேசையில் போத்தல்கள் வரிசையாக நின்றன.

"வாங்க தம்பி. டேஸ்ட் பண்ணவா, வாங்கிட்டுப் போகவா?"

"செவப்பா ஒண்ணு இருக்குமே, அது வேணும்க்கா."

"செவப்புனா ரோசல் பூ இருக்கு, திராட்சை இருக்கு. எது?"

"குடிச்சாத் தெரியும்."

சிரித்தார். இரண்டு குட்டி கிளாஸில் ஊற்றினார். பக்கத்தில் ஒரு வாளியை நகர்த்தி வைத்தார்.

"மோட்டார்லயா வந்த? அப்ப வாயில வச்சுப் பார்த்துட்டுத் துப்பிரு."

ரோசல் புளித்தது. திராட்சை நாக்கைப் பிடித்து இழுத்தது. இரண்டும் அது இல்லை. வாளியைப் பார்த்தேன். அக்கா ஆசையாகக் குடித்த ஒன்றை எப்படித் துப்புவது? முழுங்கினேன்.

"இது இல்லக்கா."

"இருக்கற செவப்பு அவ்ளோதான். மத்ததெல்லாம் வேற கலர்." ஆனாலும் அன்னாசியை ஊற்றினார். பிறகு மங்குஸ்தீன், பெலிம்பிங், ஜாதிக்காய். ஜாதிக்காயில் தைலம் மாதிரி ஒரு வாசனை, தொண்டை சூடானது. ஒவ்வொன்றையும் முழுங்கினேன். ஒன்றும் அது இல்லை. நடுவில் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன்.

"ஒக்காரு லா தம்பி! நீ நடக்கற நடையில என் பீப்பாய்ல உள்ளதெல்லாம் கலங்கிரும். யாருக்கு வாங்கற?"

ஃபோனில் அக்கா படத்தைக் காட்டினேன். உடனே தெரிந்துகொண்டார்.

"இந்தப் புள்ளையா! சம்பளம் போட்ட மறுநாள் வருவா. இந்த மாசம் காணோமே. கல்யாணமா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். பிறகு நாளைக்குப் படையல் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அவ ஒண்ணையே வாங்க மாட்டா தம்பி. ஒருவாட்டி அன்னாசி, ஒருவாட்டி ஜாதிக்கா. எது புதுசோ அது."

"இல்லக்கா. எப்பவும் ஒரே டேஸ்ட்டுதான்."

"என்னது? என் வைன் அத்தனையும் ஒரே டேஸ்ட்டுங்கறியா? என் வீட்டுக்காரர்கூட அப்படிச் சொன்னதில்ல!" இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "எதுல ஊத்திக் குடிப்பீங்க?"

"ரோஸ் சிரப் போத்தல்ல."

"கழுவினதா?"

கழுவினதில்லை. அக்கா எப்போதும் அடியில் இரண்டு விரல் சிரப்பை விட்டுவைத்து அதன்மேல்தான் வைனை ஊற்றுவாள். கலர் வரணுமே. மூடியின் மரையில்கூடச் சீனி பூத்திருக்கும். நான் நக்கியது அந்த மூடியைத்தான்.

அதைச் சொன்னதும் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவிங்களா! நான் பழத்துக்காக பாலிக் புலாவ் வரைக்கும் அலையறேன். நீங்க அதுல சிரப்பக் கலந்து..." சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் அழுதுவிட்டார். எனக்கும் சிரிப்புதான் முதலில் வந்தது.

புதிதாக வந்திருந்தது ஜாதிக்காய். அதையே கொடுத்தார். கிளம்பும்போது கையை நீட்டினார்.

"மோட்டார் சாவியக் குடு. துப்பச் சொன்னா முழுங்கிட்டு நிக்கற. நாளைக்கழிச்சு வந்து எடுத்துக்க."

அக்காவின் துணிப்பையில் போத்தலைப் போட்டுக்கொண்டு ஜெலுத்தோங் வீடுவரை நடந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. பஸ்ஸில் உட்கார வேண்டுமே.

மறுநாள் சாயங்காலம் அக்கா ரூமில் படையல். வாழையிலை, அவள் படம், அவளுடைய சில்வர் டம்ளர். ஃபிரிஜ்ஜில் அந்த சிரப் போத்தல் அப்படியே இருந்தது, அடியில் அந்த இரண்டு விரல். ஜாதிக்காய் வைனை அதில் ஊற்றினேன். சிவந்தது. இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"சிரப்பா? தண்ணி கலந்தியாடா?" என்றார் அத்தை.

"ம்" என்றேன்.

அப்பா போத்தலை எடுத்தார். மூடியைத் திறந்து டம்ளரில் ஊற்றினார். ஜாதிக்காய் வாசனை சாம்பிராணியை மீறிக்கொண்டு வந்தது. நான் தரையையே பார்த்தேன். அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு டம்ளர் நிறையும்வரை ஊற்றினார்.

கற்பூரம் காட்டிவிட்டு, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஹாலுக்கு வந்தோம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

"என்னண்ணே அது வாடை?" என்று அத்தை ஆரம்பித்தார். "புளிச்ச மாதிரி..."

"என் மவளோட சிரப்பு. உனக்கு என்ன?" என்றார் அப்பா.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஐஸ் போட்டியாடா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வேல முடிஞ்சு வந்து ஐஸ் தட்டத் தொறந்தா காலியா கெடக்கும். நான்தான் தண்ணி ஊத்தி வைப்பேன். ஐஸ் இல்லாம அவ குடிக்க மாட்டாளே."

"கதவ சாத்தியாச்சேப்பா."

சாத்திய கதவை நடுவில் திறக்கக்கூடாது. அத்தை அதைச் சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"கதவத் தட்டிட்டுப் போ," என்றார்.

ஐஸ் தட்டு நிறைந்திருந்தது. ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு அக்கா ரூம் வாசலில் நின்றேன். ஐஸ் கரைந்து விரல் வழியே சொட்டியது. ஒரு கையால் கதவைத் தட்டினேன்.

"அக்கா, நான்தான்."