இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மைதானம்

என் மகன் விளையாடியது காலால் உதைக்கும் பந்தல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மற்றவர்கள் கட்டிப்பிடித்து விழுத்துவதுமான அந்த விளையாட்டுக்கும் இங்கே மொன்ட்ரியாலில் ஃபுட்போல் என்றுதான் பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருக்கும் என் தங்கைக்கு எத்தனை தரம் விளக்கினாலும், "அப்ப உவன் கோல் அடிக்க மாட்டானோ?" என்றே கேட்பாள்.

அடிக்க மாட்டான். அவன் பந்தைத் தொடுவதே இல்லை. பந்தை எறிகிற பையனுக்கு முன்னால் சில பேர் சுவர் மாதிரி குனிந்து நிற்பார்கள். அந்தச் சுவரின் வலது ஓரத்தில் என் மகன் நிற்பான். எதிரணியிலிருந்து பாய்ந்து வருகிறவனை மறிப்பது மட்டுமே அவன் வேலை. சரியாக மறித்தால் ஒருவரும் அவனைக் கவனிக்க மாட்டார்கள். தவறவிட்டால் எல்லோரும் பார்ப்பார்கள்.

இது என் கணவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "படிக்கிற வயசிலை மற்றவனோடை இடிபடுறதுக்கு ஒரு கல்லூரியோ?" என்று புறுபுறுப்பார். ஆனால் வெளியூரில் ஆட்டம் என்றால் காரை எடுப்பதும் அவர்தான். ஆட்டம் முடியும்வரை பெரும்பாலும் காருக்குள்ளேயே இருப்பார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவில் தமிழ்ச் செய்தி கேட்பார்.

ஒரு வருடம் இலையுதிர் காலத்தில், ஆற்றோரமாக வடகிழக்கே நெடுந்தூரம் போனால் வரும் ஒரு சிறு ஊரில் ஆட்டம். அந்த ஊர்க் கல்லூரியின் மைதானத்தில் ஒரு பக்கம் மட்டும் பலகை இருக்கைகள். மறுபக்கம் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் வீடுகள். மழை கொட்டத் தொடங்கியது. நான் எங்கே இருப்பது என்று தெரியாமல் வேலியோரமாகப் போய் நின்றேன். அது அந்த ஊர்க்காரர்களின் பக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே நின்ற ஒரு பெண் தன்னுடைய பிளாஸ்டிக் படங்கின் ஒரு நுனியை என் தலைக்கு மேலே பிடித்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஊன்றுகோலுடன் அவள் கணவர் நின்றார்.

சிறிது நேரம் போன பிறகு ஒரு விஷயம் கவனித்தேன். எல்லோருடைய தலையும் பந்து போகிற பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேருடைய தலை மட்டும் திரும்பவில்லை. நாங்கள் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்களும் அதைக் கவனித்துவிட்டார்கள். அவள் விரலை நீட்டி, "எங்கள் மகன்" என்றாள். நான் அவனுக்கு நேர் எதிரே நின்றவனைக் காட்டி, "என் மகன்" என்றேன்.

ஆட்டம் முழுவதும் அவளுடைய பையன் என் பையனைத் தள்ளி விழுத்தப் பார்த்தான்; என் பையன் அவனை விடாமல் மறித்தான். நாங்கள் இருவரும் ஒரே படங்கின் கீழே நின்று பார்த்தோம். என் பிரெஞ்சு, நான் சமைக்கிற கார்டெரியில், அந்தப் பிள்ளைகள் காப்பகத்தில், நாலு வயதுப் பிள்ளைகளிடம் கற்றது. அதை வைத்துக்கொண்டு அவளோடு எவ்வளவோ பேசினேன். அவள் கணவர் மரம் அரியும் ஆலையில் வேலை செய்தவர். கால்கள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய் வந்து வேலையை விட்டிருந்தார். வேலிக்குப் பின்னால் இருந்த வீடுகளில் ஒன்று அவர்களுடையது. ஆட்டம் முடிய எங்களைக் கூப்பிட்டுப் பட்டாணிச் சூப் தந்தார்கள். காரில் இருந்த என் கணவரையும் அந்த மனிதர் விடவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு போய்க் கண்ணாடியில் தட்டி இறக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு நானும் அவளும் இடைக்கிடை ஃபோனில் பேசிக்கொண்டோம்.

அடுத்த வருடமும் அந்த ஊரில்தான் ஆட்டம் என்று இருந்தது. இரண்டு அணிகளும் அந்த முறை ஒன்றிலும் தோற்கவில்லை. ஒரு நாள் மகன் பயிற்சி முடிந்து வந்து, பையைக்கூட இறக்காமல் சொன்னான்.

"அம்மா, மெட்ச் இங்கை வருது! அந்தக் கிரவுண்டிலை சனம் கொள்ளாதாம். மொன்ட்ரியாலிலை பெரிய ஸ்டேடியத்துக்கு மாத்திட்டினம்."

"உங்கட கல்லூரிக்கோ?"

"இல்லையம்மா. நியூட்ரல்."

கணவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நியூட்ரல் எண்டா?"

"ரெண்டு பேருக்கும் சொந்தமில்லாத இடமப்பா."

"அப்ப எங்களுக்குப் பழக்கமான இடம்தான்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

எனக்கு உள்ளுக்குள்ளே சந்தோஷம்தான். மெட்ரோவில் போய்விடலாம். சொந்தக்காரர்கள் எல்லோரும் வரலாம். மொன்ட்ரியால்-நோரிலிருந்து மச்சான் குடும்பம், புரோசார்ட்டிலிருந்து தங்கை குடும்பம் என்று நான் ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, படங்கு பிடித்த அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

"கேள்விப்பட்டாயா?" என்றாள். "எங்கள் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள்."

அந்த வருடம் அவள் கணவர் கோலை விட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். மைதானம் வீட்டுக்குப் பின்னால் என்பதால் தள்ளிக்கொண்டு போய் வேலியோரம் விட்டுவிடுவாளாம். மொன்ட்ரியால்வரை அவரால் வாகனத்தில் இருக்க முடியாது. அவரைத் தனியே விட்டு அவளாலும் வர முடியாது. அவர்கள் மகனுக்குக் கல்லூரியில் அது கடைசி வருடம்.

"டிவியில் காட்டுவார்களாமே?" என்றேன், ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று.

"டிவி பந்தைக் காட்டும்" என்றாள் அவள்.

டிவியில் காட்டிய இரண்டொரு ஆட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குகிற ஒரு கணம் என் மகனுடைய முதுகு தெரியும். உடனே பந்து பறக்கும். கேமரா அதன் பின்னால் போய்விடும். அவன் விழுந்தானா நின்றானா என்பது தெரியவே தெரியாது.

அன்று பின்னேரம் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். "ஃபோனிலை காட்டலாம்தானே" என்றார்.

"ஆர் காட்டிறது? நான் எங்கட பிள்ளையைப் பார்க்க வேண்டாமோ?"

"ரெண்டும் ஒரு இடத்திலைதானே நிக்கிறாங்கள். நான் பிடிக்கிறன். நீர் பாரும்."

ஆட்டத்தன்று நல்ல வெயில், குளிர் காற்று. ஸ்டேடியம் நிறைந்து வழிந்தது. பெரும்பாலானோர் எங்கள் கல்லூரியின் நிறத்தில் உடுத்தியிருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் மஞ்சள் பாடசாலை பஸ்களில் வந்து, ஒரு மூலையில் சிறு கூட்டமாக இருந்து மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மின்பலகையில் பார்த்தால் அவர்கள்தான் வீட்டுக்காரர், நாங்கள் விருந்தாளிகள். அட்டவணைப்படி அது அவர்களுடைய ஊர் ஆட்டம் அல்லவா? இடத்தை மாற்றியவர்கள் அந்தச் சொல்லை மாற்றவில்லை. விடியப் புறப்பட்டு வந்தவர்கள் வீட்டுக்காரர்களாகவும், மெட்ரோவில் வந்த நாங்கள் விருந்தாளிகளாகவும் உட்கார்ந்திருந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த இருக்கைகள் உச்சியில் இருந்தன. அங்கேயிருந்து பார்த்தால் பிள்ளைகள் எறும்புகள் மாதிரித் தெரிந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவரை ஃபோனில் அழைத்து மைதானத்தைக் காட்டினால், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எங்கே இருக்கிறான்?" என்று கேட்டார். கணவர் எழுந்தார். "வாரும்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். தங்கை பின்னாலிருந்து, "அத்தான், எங்க போறியள்? தொடங்கப்போகுது!" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை.

முதல் வரிசைக்கு முன்னால் மஞ்சள் அங்கி போட்ட ஒரு இளம்பெண் எங்களை மறித்தாள். இங்கே நிற்கக்கூடாது, இருக்கைக்குப் போகவேண்டும் என்றாள். என் கணவருக்கு இருந்த பிரெஞ்சு முழுவதும் ஹோட்டல் சமையலறையில் சேர்த்தது. மரக்கறிகளின் பெயர்கள், அவசரத்துக்குக் கத்தும் சொற்கள், நாலைந்து வசைகள். அதை வைத்து இதை எப்படி விளக்குவது? நான் கார்டெரிப் பிரெஞ்சில் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அப்போது கணவர் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மத்மோசெல்" என்றது ஃபோன். "உங்கள் வலது பக்கம் சக்கர நாற்காலிகளுக்கு என்று ஒரு இடம் வெறுமையாக இருக்கிறது. எனக்குத் தெரிகிறது. நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். அது என் இடம்."

அவர் தன் ஃபோனைக் கீழே இறக்கி நாற்காலியின் சக்கரத்தையும் காட்டினார். அந்தப் பெண் சிரித்தாளா, வேறு என்னவோ செய்தாளா, தெரியாது. முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டாள். பிறகு வழிமறித்துக் கட்டியிருந்த கயிற்றைக் கழற்றி எங்களை உள்ளே விட்டாள்.

அந்த இடத்திலிருந்து பிள்ளைகள் மோதும் சத்தம்கூடக் கேட்டது. என் கணவர் தடுப்புச் சுவரில் முழங்கைகளை ஊன்றி, ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பந்து எங்கே போனாலும் அவர் அசையவில்லை. காட்டினால் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ, மெல்ல வர்ணிக்கவும் தொடங்கினார். பையன்கள் குனிந்து தயாரானால் "ப்ரே, ப்ரே" என்றார். சமையலறையில் தட்டு தயார் என்று சொல்லும் சொல் அது. எதிரணிப் பையன் என் மகனைச் சுற்றிப் பின்பக்கமாக ஓடப் பார்த்தால், "டெரியேர்! டெரியேர்!" என்று கத்தினார். கொதிக்கும் சட்டியோடு பின்னால் வருகிறவர்கள், விலகு என்று சொல்லக் கத்துவது அது. ஃபோனுக்குள் அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மனைவியும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

பிற்பாதி ஆட்டத்தில் அது நடந்தது. அவர்களுடைய பையன் வலப்பக்கம் போவதுபோலக் காட்டி இடப்பக்கம் திரும்பி, என் மகனுடைய நெஞ்சில் இரண்டு கையாலும் இடித்தான். என் மகன் மல்லாக்க விழுந்தான். அந்தப் பையன் அவனைத் தாண்டிப் பாய்ந்துபோய், பந்து வைத்திருந்தவனைப் பிடித்து விழுத்தினான். மூலையில் மணிகள் அதிர்ந்தன. ஃபோனுக்குள் அந்த மனிதர் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தன் பெயரைத் தானே மறந்தவர் மாதிரிக் கத்தினார்.

என் மகன் எழும்பவில்லை.

நான் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கணவரைப் பார்த்தேன். அவருடைய கண் நிலத்தில் கிடந்த எங்கள் பிள்ளைமேல் இருந்தது. கை மட்டும் மெல்ல நகர்ந்து, துள்ளிக்கொண்டிருந்த அந்தப் பையனைத் தொடர்ந்து போனது. அந்தப் பையன் ஆகாயத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினான். அதையும் அவர் காட்டினார்.

ஃபோனுக்குள் கத்தல் திடீரென்று நின்றது. "உன் மகன்?" என்று அந்த மனிதர் கேட்டார். "உன் மகனைக் காட்டு. எழுந்துவிட்டானா?"

கணவர் ஃபோனை இந்தப் பக்கம் திருப்பினார். நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சியாளர் ஒருவர் ஓடிவந்து குனிந்தார். துள்ளிக்கொண்டிருந்த பையனும் திரும்பிவந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தான். என்ன பேசினார்களோ தெரியாது. என் மகன் அவன் நீட்டிய கையைப் பிடித்து எழும்பினான். மூச்சு அடைத்துப்போனதாம், வேறு ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னான்.

"டெபூ" என்றார் என் கணவர் ஃபோனுக்குள். நிற்கிறான். அந்த மனிதரும், "டெபூ, டெபூ" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்.

ஆட்டத்தில் எங்கள் பக்கம் கொஞ்ச வித்தியாசத்தில் வென்றது. உச்சியில் இருந்து எங்கள் சனம் கத்தியது கீழேவரை கேட்டது. ஃபோனுக்குள் அந்த மனிதர் சொன்னார்: "எங்கள் மைதானத்தில் என்றால் நாங்கள் வென்றிருப்போம். ஆற்றுக்காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்கள் பையன்களுக்குத் தெரியும்."

நான் கணவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சும்மா ஆறுதலுக்குத் தலையாட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார்.

"ஓம் எண்டு சொல்லும்" என்றார் என்னிடம். "வெண்டிருப்பினம். இடம் மாறினா எல்லாம் மாறும். அது எனக்குத் தெரியும் எண்டு சொல்லும்."

சொன்னேன். அந்த மனிதர் "மெர்சி" என்றார். அதற்குப் பிறகு இருவருமே ஃபோனை வைக்காமல், ஆட்கள் கலைந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மெட்ரோவில் திரும்பும்போது தங்கை, "நல்லா வெண்டிட்டம், ஏன் அத்தானின்ரை முகம் இப்பிடி இருக்கு?" என்று என் காதுக்குள் கேட்டாள். இடத்தை மாற்றியதில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவ்வளவு சனம் அந்தச் சிறு ஊரில் எங்கே இருந்திருக்கும்? ஆனாலும் இரண்டு பேருக்கும் பொதுவான இடம் என்று வெளியிலிருந்து ஒருவர் தீர்மானிக்கும்போது, ஒரு பக்கத்துக்கு அது கொஞ்சம் கிட்டவும் மற்றப் பக்கத்துக்குக் கொஞ்சம் எட்டவும் இருந்துவிடுகிறது. அன்றைக்கு நாங்கள் கிட்ட இருந்த பக்கம். எங்களுடைய வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை. அதனால்தானோ என்னவோ அவருக்கு அதை அனுபவிக்கத் தெரியவில்லை.

அந்த வருடத்தோடு இரண்டு பையன்களும் விளையாட்டை விட்டுவிட்டார்கள். என் மகன் மின்சார வேலை படிக்கப் போனான். அவர்களுடைய பையன் தாதிப் படிப்புக்கு மொன்ட்ரியால் வந்தான். அவனைக் கொண்டுவந்து விட அவன் தாயும் தகப்பனும் புறப்பட்டார்கள். இந்த முறை வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, ஓர் இரவு தங்கி வந்தார்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு என்று என் கணவர் பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

அவர்கள் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் வீடு மூன்றாம் மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படி. அந்த மனிதர் நாற்காலியிலிருந்து தலையை அண்ணாந்து படியைப் பார்த்தார். அவர் மனைவி, "பரவாயில்லை, எங்காவது கடையில் சாப்பிடலாம்" என்றாள். இரண்டு பையன்களும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

என் கணவர் மேலே ஏறிப்போனார். கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டு மேசையின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "தம்பியவை, மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ!" என்று படியில் நின்று கத்தினார். மேசை இறங்கியது, பிறகு கதிரைகள், பிறகு சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் தன் முற்றத்தில் மேசையைப் போடச் சொல்லிவிட்டுத் தானும் ஒரு கதிரையோடு வந்து உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அந்த மனிதர் கோழிக்கறியை வாயில் வைத்துவிட்டுக் கண்கலங்கித் தண்ணீர் கேட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.