மரியநாயகம் வாங்கிய வாடகை வீடு

எத்தாளை மரியநாயகம் வீடு வாங்குவதற்கு முன் நாற்பத்தொரு கேள்வி கேட்டார் என்று அவருடைய மனைவி பாக்கியம்மா சொல்வதுண்டு. எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். கேள்விகள் உண்மை.

ஐம்பத்தெட்டு வயதில் வலது தோள்மூட்டு தேய்ந்து, மரியநாயகத்துக்கு வலை இழுக்க முடியாமல் போனது. படகையும் எஞ்சினையும் விற்றார். அந்த நேரம் பார்த்து, தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் மூன்று அறையும் விறாந்தையுமாக ஒரு வீடு விலைக்கு வந்தது. வாங்கி வாடகைக்கு விட்டால் மீதிக் காலம் ஓடிவிடும். ஓடாவிட்டால், சொந்தப் படகோடு சம்மாட்டியாக நடந்த அதே கரையில் நோகிற தோளோடு இன்னொருவன் படகில் கூலிக்கு ஏற வேண்டும்.

ஆகவே கேட்டார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்று நொத்தாரிசிடம் கேட்டார். அவர் சொன்ன பதிலை நம்பாமல் காணிப் பதிவகத்துக்கும் போய்க் கேட்டார். வீட்டுக்குப் போகிற ஒழுங்கை யாருடையது, எல்லைக்கல் இடம் மாறாமல் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார். காலையில் இனிக்கிற கிணறு பின்னேரம் உவர்க்கலாம் என்ற சந்தேகத்தில் மூன்று வேளையும் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அடுத்த வீட்டு நாய் கடிக்குமா என்றும் கேட்டார். அதற்கு நாயே பதில் சொன்னது.

பாக்கியம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வீடு தலவிலயில. பெருநாளுக்கு உங்கட ஆக்கள் வந்தா வாடகை கேப்பீங்களா?"

"என்ர ஆக்களுக்கு வெக்கம் இருக்கு, பாக்கியம்."

"உங்களுக்கும் இருக்கே. அதான் கேக்கிறன்."

மரியநாயகம் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

அவர் வீட்டை முதன்முதல் பார்த்தது ஓகஸ்ட் திருவிழாக் கிழமையில். மரத்துக்கு மரம் கூடாரம். பாய் விரிக்கிற அளவு சீமெந்துத் தரைக்கும் சனம் காசு நீட்டியது. அந்தக் கிழமையின் வாடகையை அவர் ஐம்பத்திரண்டால் பெருக்கிவிட்டார். கடலில் ஒரு நாள் விழுந்த மீனை அப்படிப் பெருக்கிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு என்றுமே இருந்ததில்லை. வீட்டுக் கணக்கில்தான் தவறினார். வாங்கிய பிறகு செப்டம்பர் வந்தது, ஒக்டோபர் வந்தது, வௌவால் வந்தது. ஆள் வரவில்லை.

போகட்டும், அடுத்த ஓகஸ்ட் இருக்கிறதே என்று காத்திருந்தார். நீர்கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் முற்பணமும் அனுப்பிவிட்டது. அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, சிலாபத்திலிருந்து அவருடைய தங்கை மகன் றொபி வான் வண்டியில் வந்து இறங்கினான்.

"மாமா, நம்மட வீடு இஞ்ச இருக்கெண்டு கேள்விப்பட்டம்."

"எத்தின பேர்?"

"நாங்க கொஞ்சப் பேர்தான். மத்தாக்கள் பஸ்ஸில வாறாங்க."

முப்பத்தேழு பேர். மன்னாரிலிருந்து வந்த ஒருவர் என்ன முறை என்று கண்டுபிடிக்கவே அரை மணித்தியாலம் ஆனது. கண்டுபிடித்தபோது பெரியப்பா முறை, ஆகவே கட்டில் அவருக்கு. திருவிழாவுக்கு வந்த சொந்தத்திடம் வாடகை கேட்கிற வழக்கம் அந்தக் கரையில் இல்லை. சோறு போடாமல் விடுகிற வழக்கமும் இல்லை. நீர்கொழும்புக் குடும்பம் வந்து, விறாந்தையில் வரிசையாகக் கிடந்த கால்களைப் பார்த்துவிட்டு முற்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனது. பெரிய சட்டியில் கறியைக் கிளறிக்கொண்டிருந்த பாக்கியம்மா உப்புப் பார்த்தார். அப்பவே கேட்டனே என்று சொல்லியிருந்தால் மரியநாயகத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திருவிழா முடிந்ததும் அவர் கற்பிட்டிக்குப் போய், இருபது வருடமாகத் தன்னிடம் மீன் வாங்கிய சாஹுல் ஹமீதிடம், யாருடைய படகிலாவது கூலி வேலை இருக்கிறதா என்று விசாரித்தார். சாஹுல் ஹமீது முழுக் கதையையும் கேட்டார்.

"ஒங்களுக்கு வீட்டால நட்டமில்ல. சொந்தக்காரர் கூடிப்போச்சி, அவ்வளவுதான். பெருநாளுக்குத் தலவிலக்கு வார சொந்தக்காரன் எனக்கு ஒருத்தனும் இல்ல. வீட்ட எனக்கிட்ட தாங்க."

வருடக் குத்தகை பேசினார்கள். திருவிழா இல்லாத மாதங்களில் சாஹுல் ஹமீது அங்கே வெங்காயம் அடுக்கினார். அடுத்த ஓகஸ்டில் றொபி வந்தபோது, விறாந்தைக் கதிரையில் தொப்பியோடு அவர் உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு அறை வாடகையைச் சொன்னார். றொபி மாமாவுக்கு அழைத்தான். பாக்கியம்மாதான் எடுத்தார்.

"மாமா கடலுக்குப் போயிட்டார், மகன்."

"படகு வித்தாச்சே, மாமி?"

"நீந்திப் போயிருக்கார்."

றொபி காசைக் கொடுத்தான். தங்கிப் போனவர்கள் எல்லாரும் வீடு துப்புரவு என்றார்கள். வெங்காய நெடிதான் குறை. செபமாலை சொல்லும்போது கண்ணீர் வந்ததை அன்னம்மாளின் அருள் என்று ஒரு மாமி சாட்சி சொன்னார். திருவிழாவுக்கு முதல் நாள் மரியநாயகமும் பாக்கியம்மாவும் வந்து ஓர் அறை கேட்டார்கள். இல்லை என்று சாஹுல் ஹமீது கையை விரித்துவிட்டார். இருவரும் வீட்டுக்கு எதிரே மரத்தடியில் பாயை விரித்தார்கள். வீடு நிறைந்துவிட்டது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் மரியநாயகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி நான்கு வருடம். அவர் கூலிக்குக் கடலேறவே இல்லை.

போன நவம்பர் மழையில் மரியநாயகம் இறந்துபோனார். மன்னாரிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் சனம் வந்தது. எத்தாளை வீட்டில் எல்லாரும் படுக்க இடமில்லை. சாஹுல் ஹமீது லொறி கொண்டுவந்து வெங்காயத்தை ஏற்றி, தலவில வீட்டைக் கழுவிப் பாய் போட்டு, கையில் கதவுத் திறப்போடு வாசலில் நின்றார். நவம்பரில் அந்த வீடு நிறைந்தது அதுதான் முதல் தடவை.

றொபி காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான்.

"வேணாம் தம்பி," என்றார் சாஹுல் ஹமீது. "இண்டைக்கு நானும் சொந்தக்காரன்தான்."

றொபி கையை எடுத்து, மிச்சமிருந்த ஒரு மூட்டையைத் தூக்கப் போனான். உள்ளே எல்லாருக்கும் கண் எரிந்தது. ஒருவரும் வெங்காயத்தைக் குறை சொல்லவில்லை.